கடல் வழி என்று எல்லோருக்கும் தெரியும்

2006 நவம்பரில் டில்லியில் மாநிலக் காவல்துறைத் தலைவர்களின் வருடாந்தர மாநாடு நடந்தது. அன்றைய உள்துறை அமைச்சர் சிவராஜ் பாட்டீல் அதில் பேசினார். லஷ்கர்-இ-தொய்பா ஆட்களுக்கு எண்ணெய் நிலையங்களை நாசம் செய்யத் தனியாகப் பயிற்சி தரப்படுகிறது, நம் கரையை ஒட்டிய ஆளில்லாத தீவுகளைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்து கடற்கரையைத் தாக்கத் திட்டமிருக்கிறது என்றெல்லாம் அந்தப் பேச்சில் வருகிறது. மூடிய அறைக்குள் சொன்னதல்ல, பேப்பரிலும் வந்தது. நான்கு மாதம் கழித்து, 2007 மார்ச்சில், பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணி மக்களவையில் கிட்டத்தட்ட இதையே சொன்னார். தீவிரவாதிகளுக்குப் பயிற்சி நடக்கிறது, கடல் வழியாக ஊடுருவ வாய்ப்பிருக்கிறது.

2008 நவம்பர் 26 இரவு, பத்து பேர் ரப்பர் படகில் வந்து தென் மும்பையில் கஃப் பரேட் பக்கம் இறங்கினார்கள். 166 பேர் கொல்லப்பட்டார்கள். நாடே உறைந்துபோய் மூன்று நாள் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. 30-ம் தேதி சிவராஜ் பாட்டீல் பதவி விலகினார்.

அவர் மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் இல்லை. ஆனால் இந்த இரண்டு நவம்பர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதெல்லாம் ஒரு கேள்வி வரும். கடல் வழியாக வரப்போகிறார்கள் என்று அமைச்சரே மேடையில் படித்த ஒரு விஷயம், நடந்தபோது எப்படி எல்லோருக்கும் பேரதிர்ச்சியாக இருந்தது? மக்களுக்கு அதிர்ச்சி, சரி. டிவி பார்த்துக்கொண்டிருந்த என் அம்மாவுக்கு அதிர்ச்சி, அதுவும் சரி. அரசாங்கத்துக்கு எப்படி?

நான் வளர்ந்தது சயான் கோலிவாடாவில். மீனவர்களான கோலிகளின் பெயரைத் தாங்கிய பேட்டை. அவர்களோடு பஞ்சாபிகளும் நம்மவர்களும் கலந்து வாழ்கிற இடம். அங்கே எங்கள் வயதுப் பையன்களுக்கு பம்பாய்க் கடல் எதற்காக என்று கேட்டால் இரண்டு பதில் வரும். ஒன்று மீன். இன்னொன்று ஃபாரின் சாமான்.

மெட்ராஸுக்கு பர்மா பஜார் என்றால் பம்பாய்க்கு முசாபிர்கானா. அப்பா தன் வாழ்நாள் முழுக்கக் கட்டியிருந்த சீகோ கைக்கடிகாரம் அங்கே வாங்கியதுதான். பில் கிடையாது, கியாரண்டி கிடையாது, கடைக்காரர் காதில் வைத்து டிக் டிக் சத்தத்தைக் கேட்கச் சொல்வாராம், அவ்வளவுதான் சோதனை. அந்தக் கடிகாரம் எப்படி வந்தது என்று அப்பாவுக்குத் தெரியும், கடைக்காரருக்குத் தெரியும், கடைக்கு வெளியே நின்ற போலீஸ்காரருக்கும் தெரியும். துபாயிலிருந்து மரக்கலத்தில் வந்து, நடுக்கடலில் சின்னப் படகுக்கு மாறி, கொங்கண் கரையில் ஏதோ ஒரு கிராமத்தில் இறங்கி, ராத்திரியோடு ராத்திரியாக லாரியில் ஏறி வந்தது. தங்கம், கடிகாரம், டிரான்சிஸ்டர், துணி. இதில் பெயர் வாங்கிய ஹாஜி மஸ்தான் நம் ராமநாதபுரம் பக்கத்துப் பனைக்குளத்துக்காரர். துறைமுகத்தில் மூட்டை தூக்க ஆரம்பித்து, அந்தக் கரையையே தன் வாசலாக ஆக்கிக்கொண்டவர். பம்பாயில் அவர் கதை தெரியாத தமிழன் கிடையாது.

அதாவது இந்த நகரத்துக்குக் கடல் வழியாக எதை வேண்டுமானாலும் கொண்டுவரலாம் என்பது உளவுத்துறை கண்டுபிடித்துச் சொல்லவேண்டிய சங்கதியே இல்லை. தெருவில் போகிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம். சாமான் மட்டும்தான் மாறவேண்டியிருந்தது.

அது 1993-ல் மாறியது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், தங்க இறக்குமதியும் தளர்ந்தது. கடத்தலில் பழைய லாபம் இல்லை. ஆனால் இறக்கிக் கொடுக்கிற ஆட்கள், லாரிக்காரர்கள், மாமூல் வாங்கும் அதிகாரிகள், அந்தக் கட்டமைப்பு அப்படியே இருந்தது. ராய்காட் மாவட்டம் திகி கரையிலும், ஸ்ரீவர்தன் தாலுகாவில் ஷேகாடி என்கிற சின்னக் கிராமத்திலும் அந்த வருடம் ஜனவரி, பிப்ரவரியில் இறங்கியது ஆயுதமும் ஆர்டிஎக்ஸும். திகியில் இறங்கிய சரக்கு போன வழியில் கோண்ட்கர் பாட்டாவில் போலீஸ் மறித்தது. மறித்து என்ன செய்தார்கள் என்பது பின்னால் கோர்ட்டில் விலாவாரியாக வந்தது. பேரம் பேசினார்கள். தொகை கையில் வரும்வரை வெள்ளிக் கட்டிகளை அடமானமாக வாங்கி வைத்துக்கொண்டு வண்டியை விட்டுவிட்டார்கள். வழக்கமான கடத்தல் சரக்கு என்றுதான் நினைத்தோம் என்பது அவர்கள் தரப்பு வாதம். எனக்கு அதை நம்புவதில் சிரமமே இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது.

மார்ச் 12, வெள்ளிக்கிழமை. பங்குச்சந்தை, ஏர் இந்தியா கட்டடம், ஜவேரி பஜார், செஞ்சுரி பஜார், தாதர் பிளாசா தியேட்டர் என்று மதியம் ஒன்றரை மணியிலிருந்து வரிசையாக வெடித்தது. 257 பேர் இறந்தார்கள். போலீஸ்காரர்களும் சுங்க அதிகாரிகளும் தண்டனை பெற்றவர்களில் உண்டு.

இதைவிடத் தெளிவாக ஒரு எச்சரிக்கை வரமுடியாது. இதற்கு மேல் உளவுத்துறை என்ன எழுதித் தரவேண்டும்? அரசும் சும்மா இருந்துவிடவில்லை. 1993-லேயே ஆபரேஷன் ஸ்வான் என்று மகாராஷ்டிர, குஜராத் கரைகளில் கடற்படையும் கடலோரக் காவல் படையும் சேர்ந்து ரோந்து ஆரம்பித்தன. அப்புறம் கார்கில் போர். திருச்சியில் பிறந்த கே. சுப்ரமணியம் தலைமையில் அதை ஆராய ஒரு குழு. அதைத் தொடர்ந்து அமைச்சர்கள் குழு, அதற்கடியில் பணிக்குழுக்கள். எல்லை மேலாண்மை பற்றிய பணிக்குழுவுக்கு முன்னாள் உள்துறைச் செயலர் மாதவ் கோட்போலே தலைவர். 2001-ல் வந்த அறிக்கையில் கடலோரம் காவலில்லாமல் கிடக்கிறது, கடலோரப் போலீஸ் வேண்டும் என்ற பேச்சு இருக்கிறது. 2005-ல் மத்திய அரசு திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. 73 கடலோரக் காவல் நிலையங்கள், 204 படகுகள்.

குண்டு வெடித்தது 1993-ல். திட்டத்துக்குக் கையெழுத்து 2005-ல். பத்து பேர் வந்தது 2008-ல். குண்டுக்கும் கையெழுத்துக்கும் நடுவில் இருந்த பன்னிரண்டு வருடம் யாருக்கும் தெரியாமல் போன வருடங்கள் அல்ல. தெரிந்தே போனவை.

படகு வாங்குவதில் ஒரு சௌகரியம் உண்டு. டெண்டர் விடலாம், அமைச்சர் வந்து கொடியசைக்கலாம், போட்டோ வரும். அந்தப் படகுக்குத் தினமும் டீசல் போடுவது, இன்ஜின் மக்கர் செய்தால் மெக்கானிக்கைக் கூப்பிடுவது, கடலில் போனால் வாந்தி எடுக்காத ஆளைப் போலீஸில் தேடிப்பிடிப்பது, இதற்கெல்லாம் கொடியசைக்க முடியாது. தணிக்கை அறிக்கைகளில் இந்தப் படகுகள் பற்றி வருவதெல்லாம் இந்த மாதிரிச் சலிப்பூட்டும் சங்கதிகள்தான். ஓடவேண்டிய நேரத்தில் கால்வாசி கூட ஓடாத படகு, ஆள் இல்லாத நிலையம், கட்டப்படாத ஜெட்டி. பயங்கரவாதம் பற்றி நாம் ஆவலாகப் படிப்பது சதித்திட்டத்தை. ஜெட்டி கட்டாத கதையை யார் படிப்பார்கள்?

இன்னொன்று, அந்தக் கடல் யாருடைய பொறுப்பு என்பது. மீன்வளத் துறை படகைப் பதிவு செய்யும். சுங்கத்துறை சரக்கைப் பார்க்கும். போர்ட் டிரஸ்ட் துறைமுகத்துக்குள் நடப்பதைப் பார்க்கும். மாநிலப் போலீஸ் கரையை, கோஸ்ட் கார்டு அதற்கப்பால், நேவி அதற்கும் அப்பால். எல்லோரும் எங்கோ ஒரு துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடல்சார் பாதுகாப்பு முழுவதற்கும் கடற்படைதான் பொறுப்பு என்று அரசு தீர்மானித்தது 2009 பிப்ரவரியில். அதாவது எல்லாம் முடிந்த பிறகு.

இப்போது நியாயமாக ஒன்று சொல்லவேண்டும். நடந்து முடிந்த பிறகு பின்னோக்கிப் பார்த்தால் எல்லாத் தடயமும் பளிச்சென்று தெரியும். அன்றைக்கு மேஜையில் உட்கார்ந்திருந்தவனுக்கு அப்படித் தெரிந்திருக்காது. மும்பை போலீஸுக்கு வாராவாரம் ஏதாவது ஒரு எச்சரிக்கை வரும். அணைக்கு ஆபத்து, கோயிலுக்கு ஆபத்து, சுத்திகரிப்பு ஆலைக்கு ஆபத்து. தாக்குதலை ஆராய மகாராஷ்டிர அரசு அமைத்த ராம் பிரதான் குழு (வி. பாலச்சந்திரன் இன்னொரு உறுப்பினர்) பழைய கோப்புகளை எடுத்துப் பார்த்தது. 2006-லிருந்து வந்த எச்சரிக்கைகளில் கடல் வழித் தாக்குதல் பற்றி மட்டும் ஆறு. ஒரே நேரத்தில் பல இடங்களில் தாக்கலாம் என்று பதினொன்று. தற்கொலைப்படை பாணி என்று மூன்று. பிரித்து அடுக்கி வைத்தால் 26/11-ன் வரைபடமே கிடைக்கிறது. ஆனால் அவை அடுக்கி வைக்கப்பட்டு வரவில்லை. ஒவ்வொன்றும் தனித்தனித் தாளாக, தனித்தனி மாதத்தில், பத்து வேறு எச்சரிக்கைகளுக்கு நடுவில் வந்தது.

இதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் முழுசாக விட்டுவிட மனமில்லை. ஏனென்றால் எச்சரிக்கை என்பது அரசாங்கத்தில் எப்படி ஓடுகிறது என்று அலுவலகத்தில் வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும். அனுப்புகிறவனுக்குச் செலவில்லை. அனுப்பிவிட்டால் அவன் கை சுத்தம். வாங்குகிறவன் கீழே உள்ளவனுக்கு ‘தகுந்த நடவடிக்கைக்காக’ என்று தள்ளிவிட்டால் அவன் கையும் சுத்தம். கடைசியில் அது வந்து நிற்பது லத்தியோடு நிற்கும் ஒரு கான்ஸ்டபிளிடம். அவருக்குக் கீழே அனுப்ப யாரும் இல்லை.

தாஜ் ஹோட்டலுக்கும் எச்சரிக்கை வந்தது. 2008 செப்டம்பரில்தான் இஸ்லாமாபாத் மாரியட் ஹோட்டலில் லாரி குண்டு வெடித்திருந்தது. தாஜில் முகப்பில் கார் நிறுத்தத் தடை, மெட்டல் டிடெக்டர் என்று கொஞ்ச காலம் கெடுபிடி இருந்தது. தாக்குதல் முடிந்த கையோடு சிஎன்என் பேட்டியில் ரத்தன் டாடாவே இதைச் சொன்னார். எச்சரிக்கை வந்தது உண்மை, ஏற்பாடுகள் செய்ததும் உண்மை, எல்லோரும் அதைப் பற்றிப் புலம்பினார்கள், ஆனால் வந்தவர்கள் அந்த வாசல் வழியாக வரவில்லை, பின்பக்கமாக வந்தார்கள் என்றார். லாரி வரும் என்று வாசலை அடைத்தோம். ஆள் நடந்து வந்தான். நம் முன்னேற்பாடுகள் எப்போதும் போன தாக்குதலுக்கானவை.

எச்சரிக்கை மொட்டையாக இருந்ததுதான் பிரச்சினை, தேதியும் பெயரும் இருந்திருந்தால் தடுத்திருப்பார்கள் என்று சிலர் சொல்வார்கள். அவர்கள் 2019 ஈஸ்டரைப் பார்க்கவேண்டும். ஏப்ரல் 4-ம் தேதியே இந்தியாவிலிருந்து இலங்கைக்குத் தகவல் போனது. தாக்குதலை நடத்திய சஹ்ரானின் பெயர் இருந்தது, தேவாலயங்கள் என்று இருந்தது. 9-ம் தேதி அது இலங்கைப் போலீஸுக்குள்ளேயே கடிதமாகச் சுற்றியது. 21-ம் தேதி கொச்சிக்கடையிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் ஈஸ்டர் பூசைக்குப் போனவர்கள் செத்தார்கள். தனக்கு யாரும் சொல்லவில்லை என்றார் ஜனாதிபதி சிறிசேன. 2023 ஜனவரியில் இலங்கை உச்ச நீதிமன்றம் அவரையே பத்துக் கோடி ரூபாய் இழப்பீடு கட்டச் சொன்னது. அதனால் ‘மொட்டைக் கடிதம்’ என்கிற சாக்கை நான் அவ்வளவு சீக்கிரம் ஏற்பதில்லை.

பத்து பேரும் வந்து இறங்கிய மீனவர் குப்பமான மச்சிமார் நகருக்கு வருவோம்.

அந்த இடத்தைப் பார்க்கவேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக இருந்தது. கூட வேலை பார்த்த ஒருவர் வொர்லி கோலிவாடாக்காரர். அவருடைய சொந்தக்காரர்கள் அங்கே இருந்தார்கள். தாக்குதலுக்கு அடுத்த வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போனார். ஒரு பக்கம் பத்வார் பார்க், ரயில்வே அதிகாரிகள் குடியிருப்பு, நல்ல மரங்கள், காவலாளி, கேட். அந்தச் சுவரை ஒட்டினாற்போல இந்தப் பக்கம் குடிசைகள். நடுவில் இரண்டு ஆள் ஒன்றாக நடக்கமுடியாத சந்து. சந்து முடிகிற இடத்தில் சட்டென்று கடல். கரை என்று சொல்லிக்கொள்ள மணல் எதுவும் இல்லை, கறுப்புச் சேறும் கல்லும் கிழிந்த வலையும்தான். நீர் வற்றும் நேரம், படகுகள் சேற்றில் சாய்ந்து கிடந்தன. அண்ணாந்து பார்த்தால் கஃப் பரேடின் அடுக்குமாடிகள். அங்கே ஒரு ஃபிளாட்டின் விலையில் இந்தக் குப்பம் முழுவதையும் வாங்கிவிடலாம். திரும்பி நடந்தால் ஐந்து நிமிடத்தில் டாக்சி கிடைக்கும். டாக்சி ஏறினால் தாஜ் பக்கத்தில்தான். இதைவிட வசதியான இடத்தை யாராலும் தேர்ந்தெடுத்திருக்க முடியாது. தேர்ந்தெடுக்கத்தான் ஒருவன் வந்துபோயிருக்கிறான். லஷ்கருக்காக உளவு பார்த்த டேவிட் ஹெட்லி 2008-ல் படகுச் சவாரி என்ற பெயரில் மும்பைக் கரையைச் சுற்றி, இறங்க ஏற்ற இடங்களை ஜிபிஎஸ் கருவியில் குறித்துக்கொண்டு போனதை அமெரிக்க கோர்ட்டில் ஒப்புக்கொண்டான்.

ஒரு அம்மா வாசலில் உட்கார்ந்து பொம்பில் மீனைக் காயப்போட ஜோடி ஜோடியாகக் கோத்துக்கொண்டிருந்தார். ஒரு மீனின் வாயை இன்னொரு மீனின் வாயில் மாட்டி, அந்த ஜோடியைக் கயிற்றில் போடவேண்டும். பேசும்போதும் கை நிற்கவில்லை. நண்பர் ‘மாவ்ஷி’ என்று கூப்பிட்டு என்னை அறிமுகப்படுத்தினார். பேப்பர்காரனா என்று கேட்டார். இல்லை என்றதும் பேசினார்.

அன்றைக்கு கட்டாக்கில் இங்கிலாந்தோடு மேட்ச். ஆண்கள் எல்லாம் டிவி முன்னால். வெளியே இருந்த ஒன்றிரண்டு பேர்தான் ரப்பர் படகு வந்ததைப் பார்த்தார்கள். பெரிய பெரிய பைகளோடு பையன்கள் இறங்குகிறார்கள். யார் நீங்கள் என்று கேட்டதற்கு, உன் வேலையைப் பார் என்கிற மாதிரி பதில். போலீஸில் சொன்னதாகவும் யாரும் அசையவில்லை என்றும் பேப்பர்களில் வந்தது. மாவ்ஷியும் அதையே சொன்னார், ஆனால் அவருக்கு அது பெரிய ஆச்சரியமாக இல்லை.

“பாவு, இந்தக் கரையில எந்தப் படகு யாருதுன்னு எங்களுக்குத் தெரியும். இன்னைக்கு யாரு எந்நேரம் போனான், எப்ப வருவான், எல்லாம் தெரியும். ரப்பர் படகு இங்க வராது. வந்தா நேவிக்காரன், இல்லன்னா பணக்காரப் பசங்க. அது ரெண்டும் இல்லன்னா தப்பு. இதைச் சொல்லப் படிப்பு வேணுமா?”

அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்டேன்.

“அப்புறம் எங்களுக்கு அடையாள அட்டை கொடுக்கறோம்னு வந்தாங்க.”

அந்த ஒரு வரியில் எல்லாம் இருந்தது. பார்த்தவர்கள் அவர்கள். தாக்குதலுக்கு முன் சந்தேகப்பட்டவர்களும் அவர்கள். தாக்குதலுக்குப் பின் சந்தேகிக்கப்பட்டவர்களும் அவர்களே. கடலில் நடப்பதை அரசைவிட நன்றாக அறிந்த ஒரு கூட்டம் கரையிலேயே இருக்கிறது. அவர்கள் சொன்னால் எழுந்து ஓடிவர ஒரு ஆள், ஒரு போன் நம்பர் 2008-ல் இல்லை. இப்போது 1093 என்று இலவச எண் இருக்கிறது. அது இருப்பது எத்தனை மீனவர்களுக்குத் தெரியும் என்பது வேறு கதை.

அந்த இரவின் மற்ற விஷயங்கள் உங்களுக்குத் தெரிந்தவை, நீட்டி எழுதப்போவதில்லை. போர்பந்தரில் பதிவான குபேர் என்ற மீன்பிடிப் படகை நடுக்கடலில் கைப்பற்றி, அதிலிருந்தவர்களைக் கொன்று, நம் படகு போலவே நம் கடலுக்குள் வந்தார்கள். சிஎஸ்டி ரயில் நிலையத்தில் ஏகே-47-க்கு எதிரே நின்றது லத்தியும் பழைய .303 ரைபிளும். கிர்காம் சௌபாத்தியில் துக்காராம் ஓம்ப்ளே வெறுங்கையால் துப்பாக்கிக் குழலைப் பிடித்துக்கொண்டு சுடப்பட்டுச் செத்தார். கசாப் உயிரோடு பிடிபட்டான். என்எஸ்ஜி கமாண்டோக்கள் இருந்தது டில்லி அருகே மானேசரில், அவர்களை ஏற்றவேண்டிய விமானம் இருந்தது சண்டிகரில். மும்பை வந்து சேர விடிந்துவிட்டது. விமான நிலையத்திலிருந்து அவர்கள் வந்தது பெஸ்ட் பஸ்ஸில். ஒரே இடத்தில் எல்லாக் கமாண்டோக்களையும் வைத்திருந்தால் இப்படித்தான் ஆகும் என்பதற்கும் ராக்கெட் விஞ்ஞானம் வேண்டாம், ஒரு ரயில்வே டைம்டேபிள் போதும். 2009-ல்தான் மும்பை, சென்னை, கொல்கத்தா, ஹைதராபாத் என்று நான்கு ஊர்களில் மையம் வைத்தார்கள்.

அதிர்ச்சியைப் பற்றி ஒன்று சொல்லியாகவேண்டும். சிலருக்குப் பிடிக்காது. 2006 ஜூலை 11-ல் இதே நகரத்தில் லோக்கல் ரயில்களில் ஏழு குண்டுகள் வெடித்து 180-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். எண்ணிக்கையில் 26/11-ஐ விட அதிகம். மறுநாள் காலை ரயில் ஓடியது. ‘மும்பை ஸ்பிரிட்’ என்று பாராட்டினார்கள். வேலைக்குப் போகாவிட்டால் சம்பளம் வெட்டுவார்கள் என்பதற்கு இப்படி ஒரு பெயர். 2008-ல் யாரும் ஸ்பிரிட் பற்றிப் பேசவில்லை. டிசம்பர் 3 அன்று கேட்வேயில் ஆயிரக்கணக்கான பேர் மெழுகுவத்தியோடு கூடினார்கள். வரி கட்டமாட்டோம் என்று அட்டை பிடித்தார்கள். அமைச்சர்கள் பதவி போனது. ப. சிதம்பரம் உள்துறைக்கு வந்தார், வந்த சில நாளிலேயே மும்பையில் நின்று, குறைபாடு எதுவும் இல்லை என்று சொன்னால் அது உண்மையாகாது என்று ஒப்புக்கொண்டார். அந்த மாதமே தேசியப் புலனாய்வு முகமைக்கான (என்ஐஏ) சட்டம் வந்தது. இரண்டு வருடத்துக்கு முன் இது எதுவும் நடக்கவில்லை. என்ன வித்தியாசம்? நாட்டின் நலிந்த இடம் எது என்பது மாறவில்லை. நலிந்த இடத்தில் யார் நிற்கிறார்கள் என்பது மாறியது. ரயிலில் போகிறவன் சாவது இந்த ஊரில் எதிர்பார்த்த விஷயம் மாதிரி. தாஜின் குவிமாடம் எரிவது யாரும் எதிர்பார்க்காதது. சிஎஸ்டியில் ஐம்பதுக்கு மேல் செத்தார்கள், ஆனால் கேமராக்கள் கொலாபாவைவிட்டு நகரவே இல்லை.

(அந்த 2006 ரயில் வழக்கில் 2025 ஜூலையில் பம்பாய் உயர் நீதிமன்றம் பன்னிரண்டு பேரையும் விடுதலை செய்தது. மேல்முறையீடு உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. பத்தொன்பது வருடம் கழித்தும் யார் வைத்தது என்பதே முடிவாகவில்லை.)

அதிர்ச்சிக்குப் பிறகு பணம் வந்தது. உண்மையிலேயே வந்தது, இல்லையென்று சொல்லக்கூடாது. ரேடார் நிலையங்கள், மீனவர்களுக்கு பயோமெட்ரிக் அட்டை, மேலும் படகுகள், கடற்படைக்குத் தனிப் பாதுகாப்புப் பிரிவு, குருகிராமில் கடலோரத் தகவல்களைச் சேர்க்கும் மையம். வருடத்துக்கு இரண்டு தடவை சாகர் கவச் ஒத்திகை. நம் பக்கம் ராமேஸ்வரம், நாகப்பட்டினம், கன்னியாகுமரிச் செய்தியாளர்களுக்கு இது மனப்பாடம். தீவிரவாதிகள் வேடத்தில் வந்த இத்தனை பேரை மெரைன் போலீஸ் பிடித்தது என்று செய்தி. எந்த இரண்டு நாள் ஒத்திகை என்று கரையில் டீக்கடை வைத்திருப்பவருக்கும் தெரிந்திருக்கும்போது பிடிபடாமல் போவதுதான் கஷ்டம்.

ஒத்திகை இல்லாத நாளில் கடல் என்ன சொல்கிறது? 2011 ஜூலை 31, ஜூஹு. சுமார் ஆயிரம் டன் எடையுள்ள பவித் என்ற கப்பல் கரையில் வந்து தட்டி நின்றது. ஒரு மாதத்துக்கு முன் ஓமன் அருகே மாலுமிகள் கைவிட்டுப் போன கப்பல். மூழ்கியிருக்கும் என்று நினைத்தார்கள். ஆளில்லாமல், விளக்கில்லாமல் அரபிக்கடலைக் கடந்து, நேவி, கோஸ்ட் கார்டு, போலீஸ் என்று புதிதாகப் போட்ட மூன்று அடுக்கையும் தாண்டி, கரைக்கு வந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. தாதரிலும் ஜவேரி பஜாரிலும் ஆபரா ஹவுஸிலும் குண்டு வெடித்து மூன்று வாரம் கூட ஆகாத நேரம் அது. எல்லோரும் உஷார் நிலையில் இருந்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

2022 ஆகஸ்ட். ஹரிஹரேஷ்வர் கரையில் ஒரு உல்லாசப் படகு ஒதுங்கியது, உள்ளே மூன்று ஏகே-47. ஆஸ்திரேலியப் பெண் ஒருவருக்குச் சொந்தமானது. மஸ்கட்டிலிருந்து ஐரோப்பா போகும்போது இன்ஜின் கெட்டு, ஆட்களை மீட்டபின் கைவிடப்பட்டது. பயங்கரவாதத் தொடர்பு எதுவும் உறுதியாகவில்லை என்று அன்றே அப்போதைய துணை முதல்வர் ஃபட்னவிஸ் சட்டமன்றத்தில் சொன்னார். நல்லது. ஆனால் ஹரிஹரேஷ்வர் எங்கே இருக்கிறது தெரியுமா? ஸ்ரீவர்தன் தாலுகாவில். ஷேகாடி இருக்கும் அதே தாலுகா. அதே கரையில், முப்பது வருடம் கழித்து, துப்பாக்கிகளை ஏற்றிய ஒரு படகை யாரும் ஓட்டாமலே, அலையே கொண்டுவந்து சேர்த்திருக்கிறது.

கடைசியாக நம் ஆட்கள். 2024 பிப்ரவரியில் மூன்று கன்னியாகுமரி மாவட்ட மீனவர்கள் குவைத்திலிருந்து மும்பை வந்து சேர்ந்தார்கள், முதலாளியின் படகிலேயே. சம்பளம் தரவில்லை, அடி உதை, பாஸ்போர்ட்டையும் பிடுங்கி வைத்துக்கொண்டான் என்பது அவர்கள் சொன்னது. வேறு வழி தெரியாமல் படகை எடுத்துக்கொண்டு ஜிபிஎஸ் துணையோடு பத்து நாள் கடலில் வந்திருக்கிறார்கள். சாப்பாடு தீர்ந்து பட்டினி வேறு. அவர்களை ரோந்துப் படகு பார்த்தபோது சசூன் டாக் பக்கம், கிட்டத்தட்ட கேட்வே ஆஃப் இந்தியாவின் வாசலுக்கே வந்துவிட்டார்கள். பாஸ்போர்ட் சட்டத்தில் வழக்குப் போட்டார்கள். அந்த மூன்று பேருக்காக எனக்கு மனசு கஷ்டப்பட்டது, அவர்கள் கெட்டிக்காரத்தனத்தில் கொஞ்சம் பெருமையும் வந்தது. ஓமன் கடல், பாகிஸ்தான் கடலோரம், நம் கடல் எல்லை, அதற்குள் ரேடார் சங்கிலி, இவ்வளவையும் ஒரு வெளிநாட்டுப் படகு கடந்து தாஜ் ஹோட்டல் கண்ணில் படுகிற தூரம் வரை வந்தபிறகுதான் யாரோ கேட்டார்கள், நீ யார் என்று.

ரோந்துப் படகு பிடித்தது என்பதை வெற்றியாகவும் எழுதலாம், சிலர் எழுதினார்கள். 2008-ல் வந்தவர்களை எந்த ரோந்தும் பார்க்கவில்லை, அந்தக் கணக்கில் இது வெற்றிதான். நான் போலீஸைக் கேட்க விரும்புவது வேறு, சின்னக் கேள்வி. போன மாதம் மும்பையின் கடலோரக் காவல் நிலையப் படகுகள் எத்தனை லிட்டர் டீசல் எரித்தன? அதில் எத்தனை படகு பழுதில் நின்றது? தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் பாதுகாப்புக் காரணத்தைச் சொல்லி மறுக்கலாம், மறுக்கட்டும். சட்டமன்றத்தில் ஒரு உறுப்பினர் வருடத்துக்கு ஒரு தடவை எழுந்து கேட்டால் போதும். அதிர்ச்சி நாளில் மட்டும் அல்ல, ஜூன் மாதத்தில் ஏதாவது ஒரு செவ்வாய்க்கிழமை, மழை கொட்டும்போது, கேலரியில் நிருபர்கள் தூங்கிக்கொண்டிருக்கும்போது.